வைப்பர் ஆர்ம் ஏ.டி.: சீரியல் நம்பர் பெயிண்டுக்குள் புதைந்துவிட்டது, எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது?

ஹேங்கர் குருவி:

வணக்கம். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஓடுவது இரட்டை எஞ்சின் டர்போப்ராப் விமானங்கள். விண்ட்ஷீல்டு வைப்பர் ஆர்முக்கு ஒரு ஏ.டி., அதாவது கட்டாயம் நிறைவேற்ற வேண்டிய பறக்கும் தகுதி ஆணை, வந்திருக்கிறது. ஷாஃப்டின் பற்களில் உட்காரும் ஆர்மின் தலைப் பகுதி, அதை இறுக்கிப் பிடிக்கும் போல்ட், இந்த இரண்டிலும் விரிசலோ அரிப்போ இருக்கிறதா என்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஒரு பார்ட் நம்பரில், ஒரு சீரியல் நம்பர் வரிசைக்கு மட்டும்தான் பொருந்தும். கெடு 600 பறப்பு மணி அல்லது 6 மாதம். மணிக்கணக்கில் இன்னும் 170 பாக்கி இருக்கிறது, அதனால் அவசரம் இல்லை.

கேப்டன் பக்கத்தில் சிக்கல் இல்லை. நம்பர் தெரிந்தது, வரிசைக்குள் வந்தது, கழற்றிப் பார்த்தோம், சுத்தம். கோ-பைலட் பக்கத்து ஆர்மில்தான் மாட்டிக்கொண்டேன். நம்பர் குத்தியிருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறிக் கிடக்கிறது. விரலால் தடவினால் ஏதோ மேடு பள்ளம் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். லாக்புக்கில் தேடினால் "வலது வைப்பர் ஆர்ம் மாற்றப்பட்டது" என்று ஒற்றை வரி. எந்த ஆர்ம், எங்கிருந்து வந்தது, ஒன்றும் இல்லை.

ஷிஃப்ட் சீனியர், "இத்தனை மழையில் ஓடியிருக்கிறது, விரிசல் இருந்தால் எப்போதோ பிய்த்துக்கொண்டு போயிருக்கும், போட்டு விடு" என்கிறார். இன்னொருவர், "வைப்பரை எம்.இ.எல்.-இல் (எது ஓடாவிட்டாலும் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியலில்) போட்டுத் தள்ளிப்போடு" என்கிறார். ஸ்டோர்ஸில் ஒரு ஸ்பேர் ஆர்ம் இருக்கிறது, பயன்படுத்தத் தகுதியானது என்று சொல்லும் சர்வீசபிள் டேக் தொங்குகிறது. அதை மாட்டிவிட்டால் தலைவலி தீர்ந்ததா?

பழைய ஸ்பேனர்:

தம்பி, கையெழுத்துப் போடாதே. மற்றதை அப்புறம் பேசலாம்.

உன் சீனியர் சொல்வது எல்லா ஹேங்கரிலும் கேட்கிற வசனம்தான், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். வைப்பர் ஓடாதபோது ஆர்ம் சும்மா இருக்கிறது என்று நினைக்கிறோம். அது சும்மா இல்லை. ஸ்பிரிங் பிளேடைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் தலைப் பகுதியில்தான் போய் இறங்குகிறது. மேலே காற்று வேறு பிடித்து ஆட்டுகிறது. ஓட ஆரம்பித்தால், ஒவ்வொரு வீச்சின் கோடியிலும் ஆர்ம் நின்று திரும்புகிறதே, அப்போது ஒரு உதை. உலோகக் களைப்பு இப்படித்தான் வளரும். நேற்றைய மழையைத் தாங்கியது என்பதற்கு நேற்றைய மழையைத் தாங்கியது என்று மட்டும்தான் பொருள்.

பிய்த்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அவரிடம் கேள். ஜெட்டில் அது ஃபியூஸ்லாஜை உரசிக்கொண்டு போகலாம், எஞ்சினுக்குள் போகலாம். உங்கள் டர்போப்ராப்பில் மூக்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ப்ரொப்பல்லர். அது அந்த இரும்புத் துண்டை அடித்தால் கேபின் பக்கமாகவே எறியலாம். இவ்வளவு சின்னச் சாமானுக்குத் தனியாக ஒரு ஏ.டி. எதற்கு என்பதற்கு விடை அதுதான்.

கழற்றும்போது கண்ணாடி மேல் தடிமனான ஃபெல்ட் விரித்துக்கொள். ஸ்பிரிங் இழுப்பில் ஆர்ம் கை நழுவி அடித்தால் விண்ட்ஷீல்டு போச்சு, அது இந்த ஆர்மைப் போலப் பல மடங்கு விலை. பிளேடு பார்க் ஆகும் இடத்தைக் கழற்றுவதற்கு முன்பே டேப் ஒட்டிக் குறித்துக்கொள்.

காகிதப்புலி:

ரெக்கார்ட்ஸ் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. "600 மணி அல்லது 6 மாதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் "எது முந்துகிறதோ அது" என்று இருக்குமே, பார்த்தீர்களா? ஆணை நடைமுறைக்கு வந்த தேதி என்ன? உங்கள் கைக்கு வந்த தேதி வேண்டாம், நடைமுறைக்கு வந்த தேதி.

ஹேங்கர் குருவி:

ஐயோ. இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். 6 மாதம் முடிய இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. நான் மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், மேடம்.

காகிதப்புலி:

பரவாயில்லை, 9 நாள் இருக்கும்போது தெரிந்ததே நல்லது. மணி குறைவாக ஓடும் விமானங்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

எம்.இ.எல். யோசனையை மறந்துவிடுங்கள். ஓடாத சாமானோடு சில நிபந்தனைகளில் பறக்கலாம் என்பதற்குத்தான் எம்.இ.எல். வைப்பருக்கான நிபந்தனை பெரும்பாலும் மழையைச் சுற்றியே இருக்கும். உங்கள் பிரச்சினை வைப்பர் ஓடுகிறதா இல்லையா என்பதே அல்ல. ஓடாத வைப்பரின் ஆர்மும் விமானத்தில்தானே தொங்குகிறது? விரிசல் இருந்தால் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் அது விழும். ஏ.டி.யின் கெடுவை எம்.இ.எல். நீட்டித் தராது. வேறு வழியில் இணங்க வேண்டும் என்றால் மாற்று இணக்க முறைக்கு, நாம் ஏ.எம்.ஓ.சி. என்று சொல்வதற்கு, ஆணை போட்ட அமைப்பிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்க விதிகளில் அது 39.19. அதே பகுதியில் 39.9 என்று ஒன்று இருக்கிறது: ஆணைக்கு இணங்காத விமானத்தை ஓட்டும் ஒவ்வொரு தடவையும் தனித்தனி மீறல். மாதத்துக்கு ஒன்று என்று இல்லை, ஒவ்வொரு பறப்புக்கும்.

சர்வீஸ் புல்லட்டினோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. புல்லட்டின் தயாரிப்பாளர் சொல்வது, "கட்டாயம்" என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தாலும் கூட. ஏ.டி. அந்தப் புல்லட்டினைக் கையில் எடுத்து "இதைச் செய்" என்று சொன்ன நாளிலிருந்து அது சட்டம். ஏ.டி.ஆர்., டேஷ் 8 என்று எந்த டர்போப்ராப்பாக இருந்தாலும் வடிவமைத்த நாட்டின் அமைப்பு முதலில் ஆணை போடும். ஏ.டி.ஆருக்கு ஐரோப்பாவின் ஈ.ஏ.எஸ்.ஏ., டேஷ் 8-க்குக் கனடாவின் டிரான்ஸ்போர்ட் கனடா. அதன் பிறகு விமானத்தைப் பதிவு செய்த நாடு அதை ஏற்று நடைமுறைப்படுத்தும். உங்கள் பதிவு நாட்டின் ஆணையையும் ஒருமுறை சேர்த்துப் படியுங்கள். சில சமயம் கெடு மாறியிருக்கும்.

நம்பர் தெரியாத ஆர்முக்கு என் விதி எளியது: தெரியவில்லை என்றால் அது வரிசைக்குள் வருகிறது. "வராது" என்று நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு. அப்புறம் அந்த ஸ்பேரைத் தொடுவதற்கு முன்னால் ஆணையின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். "பாகம் பொருத்துவதற்கான கட்டுப்பாடு" என்று ஒரு பத்தி இருக்கும்.

வலது சீட்:

நான் பைலட், மெக்கானிக் விஷயத்தில் வாய் திறக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். கனமழையில் இறங்கும்போது முன்னால் ரன்வே விளக்குகள் மஞ்சளாக உருகி வழியும், இரண்டு வீச்சுக்கு நடுவில் ஒரு நொடி தெளியும், அந்த ஒரு நொடியில்தான் எல்லாம். பெரிய விமானங்களுக்கான அமெரிக்க விதி 25.773 கனமழையிலும் இரண்டு பைலட்டுக்கும் முன்னால் தெளிவான பார்வை வேண்டும் என்று கேட்கிறது. வைப்பரே வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் பெரும்பாலும் வைப்பரை நம்பித்தான் இருக்கிறோம். வேக வரம்பும் சும்மா போடவில்லை. ஏ320-இல் 230 நாட் வேகத்துக்கு மேல் வைப்பரைப் போடக் கூடாது.

உங்கள் சீனியரை ஒரு தடவை காக்பிட்டின் கூடுதல் இருக்கையான ஜம்ப் சீட்டில் உட்கார வையுங்கள்.

புற ஊதா:

என்.டி.டி. ஆள், அதாவது பாகத்தைச் சேதப்படுத்தாமல் சோதிப்பவன், வந்துவிட்டேன். பெயிண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே.

நம்பர் படிக்க வேண்டும் என்பதற்காக யாராவது எமரி பேப்பரோ கம்பி பிரஷோ எடுத்திருந்தால் இப்போதே கீழே வைக்கச் சொல்லுங்கள். உலோகத்தைத் தேய்த்தால் மேல் தோல் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். மணல் வீசிச் சுத்தம் செய்வது இன்னும் மோசம், தட்டித் தட்டி அடைத்துவிடும். அதற்குப் பிறகு விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டும் எந்தப் பெனிட்ரண்ட் திரவம் ஊற்றினாலும் உள்ளே போகாது. "விரிசல் இல்லை" என்று சந்தோஷமாகச் சான்று எழுதிவிடுவீர்கள். மெயின்டனன்ஸ் மேனுவலில் அனுமதித்த பெயிண்ட் ரிமூவர், பிளாஸ்டிக் சுரண்டி, பொறுமை, இவை போதும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். குத்திய எழுத்தின் நிழல் விழும், அழிந்துபோனது போல இருந்த நம்பரும் படிக்க வரும்.

உங்கள் ஆணையில் "நுணுக்கமான ஆய்வு" என்று எழுதியிருந்தால் அதற்குத் தனி வரையறை இருக்கிறது. கைக்கு எட்டும் தூரத்தில் நின்று வெளிப்படையான சேதம் இருக்கிறதா என்று பார்ப்பது பொது ஆய்வு. நுணுக்கமான ஆய்வில் நல்ல வெளிச்சம், கண்ணாடி, உருப்பெருக்கி, தேவைப்பட்டால் மேற்பரப்பைச் சுத்தம் செய்வது எல்லாம் சேரும். பற்களுக்கு அடியில், பள்ளத்தின் மூலையில் பாருங்கள். விரிசல் அங்கேதான் பிறக்கும். பெயிண்டில் மெல்லிய துருக்கோடு ஒழுகியிருந்தால் அது கெட்ட அறிகுறி.

போல்ட் வேறு கதை. காட்மியம் பூசிய உயர்வலிமை எஃகாக இருந்தால், பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்திருக்கலாம். அதனால்தான் பூசி முடித்தவுடன் 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட்டு அதை வெளியேற்றுகிறார்கள். அந்தச் சூடு சரியாகக் கொடுக்காத போல்ட் பார்க்கப் பளபளவென்று இருக்கும், டார்க்கும் (இறுக்கும் முறுக்கு அளவும்) பிடிக்கும், ஒரு நாள் யாரும் தொடாமலே படக்கென்று முறியும். எஃகுக்குக் காந்தத் துகள் சோதனை சரிவரும். ஆர்ம் அலுமினியம் என்றால் காந்தம் வேலைக்கு ஆகாது, பெனிட்ரண்ட் அல்லது சுழல் மின்னோட்டத்தால் சோதிக்கும் எடி கரன்ட். ஆனால் ஆணை எந்த முறையைச் சொல்கிறதோ அதைத்தான் செய்ய வேண்டும். நமக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு "இதைவிட நல்ல முறை" என்று எழுதினால் அது இணக்கம் ஆகாது.

ஹேங்கர் குருவி:

எல்லோருக்கும் நன்றி. இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

ரிமூவர் தடவி, கால் மணி நேரம் விட்டு, பிளாஸ்டிக்கால் தள்ளினேன். பெயிண்ட் தோல் மாதிரி சுருண்டு வந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று மூன்று பேர் பார்த்தோம், உருப்பெருக்கியில் 8. வரிசைக்கு வெளியே. ஆர்ம் தப்பித்தது. இருந்தாலும் கழற்றியாயிற்றே என்று பற்களையும் பார்த்தோம், சுத்தம். போல்ட்டில் வாஷருக்கு அடியில் சின்னதாக ஒரு அரிப்புக் குழி இருந்தது. புதிய போல்ட் போட்டோம்.

அதிர்ச்சி வேறு இடத்தில். காகிதப்புலி மேடம் சொன்ன கடைசிப் பக்கத்தைப் படித்தேன். ஆய்வு செய்யாத, வரிசைக்குள் வருகிற ஆர்மை நடைமுறைத் தேதிக்குப் பிறகு எந்த விமானத்திலும் மாட்டக் கூடாது. ஸ்டோர்ஸ் ஸ்பேரின் சீரியலைப் பார்த்தால் வரிசைக்கு நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது! டேக் போட்ட தேதி ஆணைக்கு முந்தியது. அதை மாட்டியிருந்தால் நல்ல ஆர்மைக் கழற்றிவிட்டு ஆணைக்குள் வரும் ஆர்மை நானே என் கையால் ஏற்றியிருப்பேன்.

காகிதப்புலி:

ஆணை விமானத்தைத் துரத்துவதில்லை, பாகத்தைத் துரத்துகிறது. ஸ்டோர்ஸ் அலமாரிக்கும் அது பொருந்தும். அந்த ஸ்பேரில் சிவப்பு டேக் போட்டுத் தனியே வையுங்கள். மற்ற விமானங்களில் வைப்பர் ஆர்ம் எப்போதெல்லாம் மாறியது என்று டெக் லாக்கைத் தோண்டிப் பாருங்கள், இதே பழைய சரக்கு வேறு எங்காவது ஏறியிருக்கலாம்.

பதிவில் "ஏ.டி. செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆணை எண், திருத்தத் தேதி, எந்த முறையில், இடது வலது தனித்தனியாகப் பார்ட் நம்பரும் சீரியலும். இடது பக்கம் வரிசைக்குள் வருகிறது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய ஆய்வு என்றால் அடுத்த கெடு மணியிலும் தேதியிலும். அமெரிக்காவில் 91.417 கேட்பதும் ஏறக்குறைய இதுதான். வலது பக்கத்துக்கு "பொருந்தாது" என்று எழுதுங்கள், ஏன் பொருந்தாது என்பதையும் பக்கத்திலேயே. பெயிண்டை எடுத்த படம் இருந்தால் வேலை அட்டையோடு சேருங்கள். மறுபடி பெயிண்ட் அடிக்கும்போது நம்பரை மறைத்துவிடாதீர்கள், இன்னொரு குருவி வந்து இதே கேள்வியைக் கேட்கும்.

ஹேங்கர் குருவி:

எழுதிவிட்டேன் மேடம். மற்ற விமானங்களையும் தேட ஆரம்பித்தாயிற்று. சீனியர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டது அவர்தான்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். வலது ஆர்மை மாட்டி, டார்க் கொடுத்து, கண்ணாடியை நன்றாக நனைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். ஓட்டம் சரி, சத்தம் இல்லை. ஆனால் பார்க் பண்ணினால் பிளேடு டேப் குறியிலிருந்து இரண்டு விரல் மேலே நிற்கிறது. மோட்டாரில் கோளாறா?

பழைய ஸ்பேனர்:

மோட்டாரைத் தொடாதே தம்பி. ஷாஃப்டில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறாய். கழற்றி ஒரு பல் திருப்பி உட்கார வை, மறுபடி டார்க் கொடு. வீச்சின் மேல் கோடியில் பிளேடு கண்ணாடிச் சட்டத்தில் இடிக்கிறதா என்றும் பார். இடித்துக்கொண்டே ஓடினால் நீ இன்று தேடிய விரிசலை நீயே உண்டாக்குவாய்.

ஹேங்கர் குருவி:

ஒரு பல்தான் அண்ணா. இப்போது டேப்பின் மேல் சரியாக உட்கார்ந்துவிட்டது. மேல் கோடியிலும் இடிக்கவில்லை.