புதுப்பிப்பு: கல்லடிப் பாலத்துப் 'பாடும் மீன்' சாகசத்தில் திருத்தம்

போன மாதம் போட்ட மட்டக்களப்பு வாவிச் சாகசத்தில் (ஆட்டக்காரர் பாத்திரங்களாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்), மீன் பாட்டைக் கேட்டால்தான் நீருக்கடிக் கோயில் வாசல் தெரியும் என்று வைத்திருந்தேன். அதுதான் பிழை. பகடை எண்ணோடு திறன் எண்ணைக் கூட்டி இலக்கைத் தொடவேண்டும்; இலக்கு 15, கேட்கும் திறன் +3 என்றால் இருபது முகப் பகடையில் குறைந்தது 12 விழவேண்டும். வாய்ப்பு 45 சதவீதம். தவறினால் கதை தோணியிலேயே நின்றுவிடும்.

இனி துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்தாலே பாட்டுக் கேட்கும் (மட்டக்களப்பில் பழைய முறையே அதுதான்). பகடை, எவ்வளவு நேரம் போகிறது என்பதைத் தீர்க்க மட்டும்: கூட்டுத்தொகை 15 வராவிட்டால் 10 நிமிடம் வீண், காவல் முதலை ஒரு கட்டம் நெருங்கும். நான்காம் கட்டத்தில் தோணி கவிழும்.

முதலையைக் கண்ணாக் காட்டோரத்தில் (வாவிக்கரைச் சதுப்புக் காடு) தொடக்குங்கள். நடு வாவியில் அதற்கு ஒளிய இடமில்லை; ஆட்டக்காரர் கண்டதும் திரும்பிவிடுவார்கள்.