பெரியப்பாவின் பச்சை ஜெர்சி

குழு: பாலக்கோடு வீடு

ஞாயிறு, இரவு 8.10

தம்பி (டென்வர், அமெரிக்கா): எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் அலுவலக நண்பரோடு மலைக்குப் போகிறேன். அவர் வில்லால் எல்க் வேட்டையாட உரிமம் எடுத்திருக்கிறார். நான் மூட்டை சுமக்கவும் சமைக்கவும் கூடப் போகிறேன், ஐந்து நாள் கூடாரத்தில்தான். பருத்தி பனியன் ஆறு, ஜீன்ஸ் இரண்டு, புதிதாக ஒரு தடித்த ஜாக்கெட். போதும்தானே? அங்கே இன்னும் கோடைதான்.

அம்மா: எல்க் என்றால் என்ன கண்ணு?

நான்: நம் கடமான் மாதிரி ஒரு மான், அம்மா. ஆண் 300 கிலோ வரும்.

சித்தி (காவேரிப்பட்டினம்): இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி கடமானைத் தொட்டால் ஜெயில். அங்கே விடுகிறார்களா?

தம்பி: பருவத்தில், உரிமத்தில் எழுதியிருப்பதை மட்டும் எடுக்கலாம் சித்தி. வேட்டையாடிய மானின் கறியை வீணாக விட்டுவிட்டு வந்தால் அதற்கும் தண்டனை உண்டு.

பெரியப்பா: தம்பி, கூடாரம் எத்தனை அடி உயரத்தில்?

தம்பி: சுமார் 10,000 அடி.

பெரியப்பா: அப்படியென்றால் நீ சொன்ன துணியில் பாதியை வீட்டிலேயே வைத்துவிடு. நம் தொட்டபெட்டாவே 8,650 அடிதான், நீ அதற்கும் மேலே ஐந்து இரவு தூங்கப் போகிறாய். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி குறையும், டென்வர் 5,280 அடி, மீதியை நீயே கணக்குப் போட்டுக்கொள். பகலில் வெயில் சுடும், சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் கை விறைக்கும். கோடை என்பதை டென்வரிலேயே விட்டுவிட்டுப் போ.

தம்பி: அதற்குத்தான் பெரியப்பா தடித்த ஜாக்கெட் வாங்கினேன்.

பெரியப்பா: தடித்த ஒன்றுதான் ஆபத்து. நான் பட்டாளத்தில் லடாக்கில் இருந்தபோது முதல் மாதம் எனக்கே நடந்தது, சொல்கிறேன். காலையில் குளிருகிறது என்று இருந்த எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மூட்டையோடு மேடு ஏறினேன், பாதி வழியிலேயே உள்ளே இருந்த பருத்தி பனியன் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்துவிட்டது, மேலே போய் உட்கார்ந்ததும் காற்று அடித்தது, பத்து நிமிடத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. அன்று பனி இல்லை, மழையும் இல்லை, என் வியர்வைதான் என்னைப் படுக்க வைத்தது. உடன் இருந்தவர் என் பனியனை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தன் உலர்ந்த கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டார். அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

அம்மா: இதை எங்களிடம் நீங்கள் சொன்னதே இல்லையே.

மாமா (திருப்பூர்): அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் இருபது வருடமாகப் பனியன் துணியோடு இருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி தெய்வம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். அந்தக் குணமே மலையில் எதிரி. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஜீன்ஸும் பருத்திதான், நனைந்தால் அடுத்த நாள் வரை காயாது. உடம்பை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளியோ (மெரினோ என்ற செம்மறி ஆட்டின் மென்மையான ரோமம்) பாலியஸ்டரோ போடு. ஐந்து நாள் குளிக்க முடியாது என்றால் மெரினோ வாங்கு மாப்பிள்ளை, பாலியஸ்டர் இரண்டாம் நாளே நாறும்.

தம்பி: நாற்றம் முக்கியம் மாமா, எல்குக்கு மூக்கு அவ்வளவு கூர்மை. விடியும் முன் காற்று மலையிலிருந்து கீழே இறங்குமாம், வெயில் ஏறினால் அதுவே மேல்நோக்கித் திரும்புமாம். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நண்பர் சொன்னார்.

பெரியப்பா: சரி, இப்போது கேள். நடக்கும்போது மேலே ஒரே ஒரு மெல்லிய சட்டை, முதல் பத்து நிமிடம் குளிரத்தான் செய்யும், பொறுத்துக்கொள். நின்றால் உடனே, குளிர் தெரியும் முன்பே, மேலே ஒன்று போடு. திரும்ப நடக்கும் முன் கழற்றிப் பையில் வை. சோம்பல் படாமல் ஒரு நாளைக்கு எட்டு முறை கழற்றி மாட்ட வேண்டும். தூங்குவதற்கு ஒரு ஜோடி தனியாக, பிளாஸ்டிக் பையில் கட்டி வை, என்ன நடந்தாலும் பகலில் அதைத் தொடாதே.

தம்பி: அந்த ஜாக்கெட் வாத்து இறகு வைத்தது. அதையும் விட வேண்டுமா?

மாமா: கொண்டு போ, உட்காரும்போது அதைப் போல எதுவும் இல்லை. ஆனால் இறகு நனைந்தால் உருண்டுகொள்ளும், சூடு போய்விடும். அதற்கு மேலே மழைக்கோட்டு இல்லாமல் மழையில் நிற்காதே.

தம்பி: மழைக்கோட்டு சரசரவென்று சத்தம் போடுகிறது, அதுதான் தயக்கம். மான் 30 கஜத்துக்குள் வந்தால்தான் நண்பர் அம்பு விடுவாராம்.

பெரியப்பா: சத்தம் போட்டால் போடட்டும், பையில் இருக்க வேண்டும். மான் போனால் அடுத்த வருடம் வரும்.

அம்மா: நான் ஏற்காட்டில் வாங்கிய நீல ஸ்வெட்டர் பீரோவில் இருக்கிறது, கம்பளி. கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் வியாழக்கிழமை பெங்களூரில் விமானம் ஏறி டென்வர்தான் போகிறாராம், கொடுத்து அனுப்பட்டுமா?

மாமா: அக்கா, கம்பளி என்று கடையில் சொன்னதை நம்பாதே. உள் ஓரத்தில் ஒரு நூல் இழுத்துக் கொளுத்திப் பார். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் என்ற செயற்கை நூல் என்றால் உருகிக் கறுப்பு மணியாக இறுகும்.

திங்கள், காலை 6.55

அம்மா: நூல் உருகிவிட்டது. கல் மாதிரி ஒரு மணி. ஏழு வருடமாக அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன்.

மாமா: அது கெட்ட துணி இல்லை அக்கா, கூடாரத்துக்குள் போட்டுக்கொள்ளட்டும். அடுப்பு, தீ பக்கம் மட்டும் போகக் கூடாது, ஒரு பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

பெரியப்பா: பட்டாளத்து ஜெர்சி ஒன்று என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நானும் நூல் எடுத்துக் கொளுத்தினேன். முடி வாசனை, பொடிச் சாம்பல். அசல் கம்பளி. பச்சை நிறம், துளி சத்தம் இல்லை, ஈரமானாலும் கொஞ்சம் சூடு தாங்கும். இதை அனுப்புங்கள்.

தம்பி: பெரியப்பா, அது உங்களுடைய நினைவுப் பொருள்.

பெரியப்பா: பெட்டிக்குள் அதற்கு என்ன வேலை?

நான்: ஜெர்சியின் அந்துருண்டை வாசனை வாசல் வரை வருகிறது. எல்க் மலையை விட்டே ஓடும்.

சித்தி: சோப்புத்தூள் போடாதே பாப்பா. வாசனை ஒரு பக்கம், வெள்ளையைப் பளிச்சென்று காட்ட அதில் ஒரு சரக்கு சேர்க்கிறார்கள், அது மான் கண்ணுக்கு மின்னுமாம். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பச்சைத் தண்ணீரில் அலசு. முறுக்கிப் பிழியாதே, துண்டில் சுருட்டி அமுக்கு, நிழலில் பாயில் விரி. கொடியில் தொங்கவிட்டால் முழங்கால் வரை நீளும்.

அம்மா: தலைக்கு ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்று வாங்கிப் போடு கண்ணு. யாராவது மான் என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

தம்பி: துப்பாக்கிப் பருவத்தில் வேட்டைக்காரர்கள் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிவது இங்கே கொலராடோ மாநிலத்தில் கட்டாயம் அம்மா, வில்லுக்கு இல்லை. ஆனாலும் போகும்போதும் வரும்போதும் போட்டுக்கொள்கிறேன். மான் கண்ணுக்கு ஆரஞ்சு நம்மைப் போலத் தெரியாது.

புதன், இரவு 9.30

நான்: மூன்று நாள் மாடி நிழலில் போட்டேன். இப்போது வெறும் ஆட்டு ரோம வாசனைதான். அனுப்பியாகிவிட்டது. கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி அங்கேயே வாங்கிக்கொள்.

பத்து நாள் கழித்து, காலை 7.20

தம்பி: இறங்கிவிட்டோம், எல்லோரும் நலம். மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு வானம் தெளிவாக இருந்தது, அரை மணி நேரத்தில் இடி, ஆலங்கட்டி மழை. மேட்டை விட்டு இறங்கி மரங்களுக்குள் உட்கார்ந்தோம். நடக்கும்போது கழற்றி வைத்திருந்த ஜெர்சியை மழைக்கோட்டுக்குள் போட்டேன், கை நடுக்கம் நின்றது. ஈரமான பிறகும் உடம்பு சில்லிடவில்லை. நண்பர் தடவிப் பார்த்துவிட்டு எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

பெரியப்பா: மான்?

தம்பி: ஒன்று கூவிக்கொண்டே 60 கஜம் வரை வந்தது. காற்று திரும்பிவிட்டது, போய்விட்டது.

பெரியப்பா: ஜெர்சியை ஈரத்தோடு மடித்து வைத்துவிடாதே.

தம்பி: பாயில் விரித்திருக்கிறேன் பெரியப்பா.