போனில் குறும்படம்: கோடு ஓடுகிறது, வசனம் கேட்கவில்லை

ஏழாம் வகுப்பு டீச்சர்:
பிள்ளைகளை வைத்துப் பத்து நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். கையில் ஒரு போன், ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான். டியூப்லைட் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறது. வசனத்தைவிட ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. என்ன செய்யலாம்?

கல்யாண வீடியோக்காரன்:
நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படமும் பதிய எடுக்கும் நேரம், அதோடு ஒத்துப்போகாவிட்டால் கோடு வரும். கேமரா செயலியில் நொடிக்கு 25 பிரேம் (படம்), ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள். என்னைக் கேட்டால், லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரம் எடுப்பதே மேல். எதிர்ப்பக்கம் ஒரு பையனை வெள்ளைத் தெர்மகோல் அட்டை பிடிக்கச் சொல்லுங்கள். முகத்தின் இருட்டு குறையும்.

நாடக வாத்தியார்:
ஃபேனை நிறுத்துங்கள், வேர்த்தால் வேர்க்கட்டும். இன்னொரு போனைப் பேசுகிறவர் பக்கத்தில், புத்தக அடுக்குக்குப் பின்னால் வைத்துக் குரலைப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல். எடிட்டிங்கில் அதை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்திவிடலாம்.

வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரியே வரும்! சூழ்நிலையை மட்டும் சொன்னால் அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். அப்புறம், ஒவ்வொரு நாளும் முடிந்ததும் எல்லோரையும் போட்டோ எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை ரெட்டைச் சடை, செவ்வாய்க்கிழமை ஒற்றைச் சடை என்றால் காட்சி ஒட்டாது.

ஏழாம் வகுப்பு டீச்சர்:
சரி, ஃபேனுக்கு ஹெச்.எம்.மிடம் கேட்க வேண்டாம். யூடியூபில் போட?

நாடக வாத்தியார்:
பெற்றோரின் கையெழுத்து முதலில். ஷூட்டிங்குக்கு முன்பே வாங்குங்கள்.