கொயோட் வேட்டைக்கு .223: எந்தக் குண்டு சரிப்படும்?
டெக்சஸ் பக்கம் வேட்டைக்குப் போகிறவர்கள் யோசனை சொல்லுங்களேன். நண்பரின் ஆட்டுப் பண்ணையில் கொயோட் (சிறிய ஓநாய் போன்ற விலங்கு) தொல்லை. என்னிடம் இருப்பது பழைய .223 ரெமிங்டன் ரைஃபிள்; பேரலின் உள்ளே குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளம் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வி-மேக்ஸ் குண்டு போட்டால் 100 கஜத்தில் எல்லாம் ஒரு அங்குலத்துக்குள் விழுகிறது. 69 கிரெய்ன் போட்டால் அட்டையில் துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் மாதிரி நீளமாகக் கிழிகிறது. நீளமான குண்டுக்கு இந்தச் சுற்று போதாது, அது புரிகிறது.

காற்று அடிக்கும்போது 250 கஜத்துக்கு 55 கிரெய்னே தாங்குமா, இல்லை 8 அங்குலச் சுற்றுள்ள பேரல் மாற்றி 75 கிரெய்னுக்குப் போய்விடவா? தோல் விற்கும் எண்ணம் இல்லை, பெரிய துளை விழுந்தாலும் பரவாயில்லை. அடிபட்டு ஓடாமல் அங்கேயே விழ வேண்டும். கடைத் தோட்டாதான் வாங்குவேன். வீட்டில் மருந்து நிரப்பும் பொறுமை எனக்குக் கிடையாது. அப்புறம், சியரா பிளிட்ஸ்கிங் குண்டு போட்டுச் சுட்டவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.