‘பங்களிப்பு’ வேண்டாம், ‘சார்த்திடர்’ என்போம்

புகைப்பழக்கம் போன்ற ஒரு இடர்க்காரணியால் எவ்வளவு நோய் வருகிறது என்று அளக்கும் எண்ணுக்கு (ஆங்கிலத்தில் attributable risk) தமிழில் ‘இடர்ப் பங்களிப்பு’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பங்களிப்பு என்றதும், எல்லாக் காரணிகளையும் கூட்டினால் நூறு வரும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். வராது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி, புகைப்பழக்கம் இரண்டும் சேர்ந்ததால்தான் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது என்றால், அவர் இரண்டு கணக்கிலும் இடம்பெறுவார். கூட்டுத்தொகை நூறைத் தாண்டிவிடும்.

இன்னொரு சிக்கல், காரணி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான வித்தியாசத்தையும் மடங்கையும் ஒரே சொல்லால் குறிப்பது. டால், ஹில் என்ற ஆய்வாளர்கள் புகைப்பழக்கம் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வின் 1956 முடிவுகளையே பாருங்கள். நுரையீரல் புற்றுநோயால் ஆண்டுக்கு லட்சம் பேரில் இறந்தவர்கள்: புகைக்காதவர்களில் 7, மிக அதிகமாகப் புகைத்தவர்களில் 166. இதயநோயால் இறந்தவர்கள்: 422, 599. மடங்காகப் பார்த்தால் புற்றுநோய்க்குக் கிட்டத்தட்ட 24, இதயநோய்க்கு வெறும் 1.4. ஆனால் கழித்துப் பாருங்கள்: 159, 177. புகையின்மேல் சார்த்த வேண்டிய இறப்பு இதயநோயில்தான் கூடுதல்! மடங்கை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் இது கண்ணில் படவே படாது.

அதனால் மடங்குக்கு ‘ஒப்பிடர்’, வித்தியாசத்துக்குச் ‘சார்த்திடர்’. ஒப்பிடரைச் ‘சார்பிடர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள்; சார்த்திடர் பக்கத்தில் அது வந்தால் குழப்பம்தான். ஒன்றை இன்னொன்றின்மேல் சார்த்திச் சொல்வது நம் வழக்கிலேயே உள்ளது, புதிதாக விளக்க வேண்டியதில்லை. பழி சுமத்தும் தொனியும் இல்லை. ‘பொறுப்பு’ என்ற சொல்லில் அந்தத் தொனி இருக்கிறது.

ஒரு நோயால் புகைப்பவர்களில் நேரும் இறப்பில் சார்த்திடர் எத்தனை சதவீதம் என்பதைச் ‘சார்த்துவிழுக்காடு’ எனலாம். மேலே சொன்ன மிக அதிகமாகப் புகைத்தவர்களுக்கு: புற்றுநோயில் சுமார் 96, இதயநோயில் சுமார் 30.

அப்புறம், புகைக்காதவர்களையும் சேர்த்து முழு மக்கள்தொகைக்கும் போடும் கணக்கு ஒன்று உண்டு. லெவின் என்ற ஆய்வாளர் 1953இல் தந்த வாய்பாடு. அதில் ஒப்பிடரோடு, எத்தனை பேரிடம் அந்தப் பழக்கம் இருக்கிறது என்பதும் சேரும். பழக்கம் குறைந்தால் ஒப்பிடர் மாறாவிட்டாலும் இந்த எண் இறங்கும். ஆகவே ‘மக்கள்தொகைச் சார்த்துவிழுக்காடு’ என்று நீளமாகவே இருக்கட்டும். சுருக்கினால் முந்தையதோடு கலந்துவிடும்.