எலக்ட்ரான் வாயு இடைமுகத்தில் இருக்கிறதா, அடித்தளத்திலேயே இருக்கிறதா?

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் அடித்தளத்தின் மேல் 20 நானோமீட்டர் பேரியம் டைட்டனேட் படலம் வளர்க்கிறேன், இரண்டும் தொடும் இடைமுகத்தில் எலக்ட்ரான் வாயு (தாராளமாக நகரும் எலக்ட்ரான்களின் மெல்லிய அடுக்கு) வேண்டும் என்பதற்காக. பல்ஸ்டு லேசர் முறை (லேசர் துடிப்பால் பொருளை ஆவியாக்கிப் படியவைப்பது), 700 டிகிரி செல்சியஸ், ஆக்சிஜன் அழுத்தம் 10⁻⁵ மில்லிபார். சில மாதங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

படலம் நன்றாகக் கடத்துகிறது, குளிர்விக்கக் குளிர்விக்க மின்தடை உலோகம் போலக் குறைகிறது. ஆனால் ஹால் அளவீட்டில் (காந்தப்புலம் வைத்து எலக்ட்ரான்களை எண்ணும் முறை) சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁶ எலக்ட்ரான் வருகிறது. பேரியம் டைட்டனேட்டின் முனைவாக்கம் (மின்புலத்தால் திசை திருப்பக்கூடிய உள் மின்னூட்டப் பிரிவு) சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 26 மைக்ரோகூலும், அதாவது அதே பரப்பில் அதிகபட்சம் 1.6 × 10¹⁴ எலக்ட்ரானைத்தான் அது இழுத்துப் பிடிக்க முடியும். அடித்தளம் படலத்தை இறுக்குவதால் முனைவாக்கம் கொஞ்சம் கூடினாலும் அறுபது மடங்கு கூடாதே!

முனைவாக்கத்தை இடைமுகம் நோக்கித் திருப்பினால் எலக்ட்ரான் சேர வேண்டும், எதிர்ப்பக்கம் திருப்பினால் விலக வேண்டும். திருப்பிப் பார்த்தேன், மின்தடை அசையவே இல்லை. படலமே இல்லாத வெறும் அடித்தளத்தை அதே வெப்பத்தில், அதே அழுத்தத்தில் வைத்து எடுத்தேன், அதுவும் ஓரளவு கடத்துகிறது. சரி, அடித்தளத்தின் ஆக்சிஜன் வெற்றிடங்கள்தான் (ஆக்சிஜன் அணு விட்டுப்போன இடங்கள், இவையும் எலக்ட்ரான் தரும்) என்று 600 டிகிரியில் ஆக்சிஜனில் சுட்டால், கடத்தல் மொத்தமாகப் போய்விடுகிறது. எதுவும் மிஞ்சவில்லை. பீசோ விசை நுண்ணோக்கியில் (நுண்முனையால் மின்னழுத்தம் கொடுத்து முனைவாக்கத்தைப் பார்க்கும் கருவி) முனைவாக்கம் மட்டும் முன்போலவே திரும்புகிறது. (ஆக்சிஜன் அழுத்தத்தைக் கூட்டிப் படலத்தை வளர்த்துப் பாருங்கள் என்பதுதான் முதல் பதிலாக வரும், 10⁻³ மில்லிபாரிலும் வளர்த்தாயிற்று, அங்கே படலம் வெறும் மின்காப்பி.)

அடித்தளத்து வெற்றிடங்களை மட்டும் நிரப்பி, இடைமுக எலக்ட்ரான்களை விட்டுவைக்கும்படி சுடும் வெப்பமும் அழுத்தமும் யாருக்காவது கைகூடியிருக்கிறதா?