வழிமாற்றா, மடைமாற்றமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் இணையதளத்தின் பழைய டொமைனுக்கு (முகவரிக்கு) வருபவரைப் புதிய டொமைனுக்கு அனுப்பிவைக்கும் 'ரீடைரக்ட்' என்பதற்கு 'மடைமாற்றம்' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. வயல்வரப்பிலிருந்து வந்த நல்ல சொல்தான். இருந்தும் இந்த இடத்தில் அதை ஏற்கத் தயங்குகிறேன். நிதியை மடைமாற்றினார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி, அச்சொல்லின்மேல் ஒரு கள்ளத்தனத்தின் சாயல் படிந்துவிட்டது என்பது சிறிய காரணம்.

பெரிய காரணம் வேறு. மடையைத் திருப்பினால் நீர் முழுவதும் ஒரே வாய்க்காலில் போய் விழும். டொமைனை மாற்றுவோர் செய்யும் பெருந்தவறும் அதுவே. பழைய தளத்தின் கட்டுரைகள் அனைத்தையும் புதிய தளத்தின் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டால், கூகுள் அந்த முகவரிகளை உள்ளடக்கம் இல்லாத வெற்று முகவரிகளாகவே கருதக்கூடும். அக்கட்டுரைகளுக்குப் பிற தளங்கள் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்த இணைப்புகளின் மதிப்பும் புதிய கட்டுரைகளுக்கு வந்து சேராது. ஒவ்வொரு பழைய முகவரியும் தனக்கு நேரான புதிய பக்கத்துக்குத் தனித்தனியே போய்ச் சேர வேண்டும் என்பதால், வாய்க்காலைவிட வழியே பொருத்தமான உருவகம்.

'வழிமாற்று' தமிழ் விக்கிப்பீடியாவில் வேரூன்றிய சொல். ஆனால் அங்கே நடப்பது வேறு. ஒரு கட்டுரைக்கு மாற்றுத் தலைப்பு வைத்தால், விக்கி மென்பொருள், 'முகவரி நிலையாக மாறிவிட்டது' என்று சொல்லும் 301 என்ற மறுமொழியை அனுப்புவதில்லை; இலக்குக் கட்டுரையையே எடுத்துக் காட்டி, எந்தத் தலைப்பிலிருந்து வந்தோம் என்று மேலே சிறு குறிப்பு இடுகிறது. படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும் தேடுபொறிக்கு அப்படியல்ல. எனவே 'வழிமாற்று' என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, அதற்கு அடைமொழி சேர்ப்பதே முறை என்று கருதுகிறேன்.

301க்கு 'நிலை வழிமாற்று', 302க்கு 'இடைக்கால வழிமாற்று' என்பவை என் பரிந்துரை. முன்னது, இனிப் புதிய முகவரியையே அட்டவணையில் வைத்துக்கொள் என்று தேடுபொறிக்குச் சொல்கிறது. பின்னது, பழையதையே வைத்திரு, திரும்பி வருவேன் என்கிறது. ஆங்கிலப் பெயர்களை நம்பி மொழிபெயர்க்கவும் முடியாது. வலைப்பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறையான எச்டிடிபிக்கு 1996இல் வந்த 1.0 ஆவணத்தில் 'தற்காலிகமாக இடம் மாறியது' என்று தெளிவாக இருந்த 302இன் பெயர், 1999இல் வெறும் 'கண்டறியப்பட்டது' என்று ஆகிவிட்டது. படிவம் அனுப்புவது போன்ற கோரிக்கையின் முறையை மாற்றாமல் காக்கும் 308, 307 ஆகிய மறுமொழிகளும் முறையே இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்.

'நிலைப்பெயர்ச்சி' எனலாமே என்று கேட்கலாம். சனி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறையும் குரு ஆண்டுக்கு ஒருமுறையும் பெயர்கிற நாட்டில், பெயர்ச்சி என்றாலே அடுத்த பெயர்ச்சி எப்போது என்றுதான் கேட்கத் தோன்றும். தவிர, பெயர்ந்தவர் பழைய இடத்தை விட்டுவிடுவார்; இங்கே அப்படி விட முடியாது. வழிமாற்றைக் குறைந்தது ஓராண்டுக்காவது அகற்ற வேண்டாம் என்பதே கூகுளின் அறிவுரை. பழைய டொமைனின் பதிவையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். விக்கிப்பீடியா 2002இல் 'காம்' முகவரியிலிருந்து 'ஆர்க்' முகவரிக்குப் போனது. பழைய முகவரியை இன்றும் கைவிடவில்லை.

இன்னொன்று: 'வழிமாற்றம்' என்று சிலர் எழுதுவதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். ஆயினும் இரண்டையும் பிரித்தாளலாம். நடக்கும் செயல் வழிமாற்றம்; அதற்காக வழங்கியில் (தளம் இயங்கும் கணினியில்) நாம் எழுதிவைக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு வழிமாற்று. அப்போது 'பழைய தளத்துக்கு நாற்பது வழிமாற்றுகள் எழுதினேன்' என்று இயல்பாகச் சொல்ல முடியும்.